அடைக்காத குழாய்க்கு வால்வு காவலா?

"வால்வ அடைச்சாச்சுல்லா, பெறவு என்ன பயம்?"

நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு போகிற சாலையில், வேனுக்குள் அடுப்படி அமைத்துக் கொடுக்கும் எந்தப் பட்டறையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். டீ வேன், சாப்பாட்டு வேன், யாத்திரை வண்டி, இப்போது புதிதாக வந்திருக்கும் கேரவன் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். முன்பு வண்டியில் கேஸ் கீசர் இருந்திருக்கும், அல்லது கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் இருந்திருக்கும். அதைக் கழற்றி விற்றுவிடுவார்கள். அதற்குப் போன செம்புக் குழாய் மட்டும் பலகைக்கு அடியில் வாயைத் திறந்தபடி கிடக்கும். அதற்கு முன்னால் ஒரு வால்வு இருக்கிறது, அது மூடியிருக்கிறது, அதனால் வேலை முடிந்தது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. ஆளைக் கொல்லக்கூடிய தவறு. இதே சாலையில் உள்ள ஆரல்வாய்மொழி போன்ற காற்று ஊரில் அதன் ஆபத்து இன்னும் கூடுதல்.

வால்வு எதற்கு இருக்கிறது? திறக்கவும் மூடவும். பயன்பாட்டில் இருக்கும் ஒரு குழாயில் கேஸை விடவும் நிறுத்தவும் அதை வைத்திருக்கிறோம். அதற்குள் ஒரு பித்தளை உருண்டையும் அதை அணைத்து நிற்கும் மென்மையான வளையங்களும் உண்டு. தூசி ஏறினால் வளையத்தில் கீறல் விழும். ஆண்டுக்கணக்கில் திருகாமல் கிடந்தால் வளையம் காய்ந்து இறுகும். ஓடுகிற வண்டியின் அதிர்வில் நட்டுகள் தளரும். கன்னியாகுமரிக் கடற்கரையில் நிறுத்தி நிறுத்தி எடுக்கும் வண்டியில் உப்புக்காற்று தன் பங்குக்கு அரிக்கும். இதெல்லாம் நடக்காமல் வால்வு புதிதாகவே இருந்தாலும், அதன் கைப்பிடி கால் வட்டம் திரும்பினால் முழுக்கத் திறந்துவிடும். ஒரு பை இடித்தால் போதும், ஒரு குழந்தையின் கை பட்டால் போதும். வண்டியை வாங்கிய அடுத்த ஆள், இது எதுக்குள்ள வால்வு என்று திருகிப் பார்த்தாலும் போதும்.

வீட்டு சிலிண்டரைப் பாருங்கள். 14.2 கிலோ சிலிண்டரின் வால்வு, ரெகுலேட்டரை எடுத்ததும் தானாக மூடிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. அப்படியிருந்தும் அதன் கழுத்தில் நூலில் கட்டி ஒரு மூடியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சிலிண்டர் பயன்பாட்டில் இல்லாதபோது, காலியாக இருந்தாலும், அந்த மூடியை வால்வின் மேல் பொருத்தச் சொல்கின்றன எண்ணெய் நிறுவனங்கள். வால்வு மட்டுமே போதும் என்றால் அந்த மூடி எதற்கு? தானாக மூடும் வால்வையே நம்பாமல் மேலே ஒரு மூடி போடுகிற நாட்டில், பட்டறையில் பொருத்திய சாதாரண வால்வை நம்பி ஒரு குழாயின் வாயைத் திறந்து விடுகிறோம்.

அடுத்த நம்பிக்கை ஆரல்வாய்மொழிக்கே உரியது. "நம்ம ஊர்ல என்ன கேஸ் நிக்கப் போவுது? காத்து கொண்டுட்டுப் போயிரும்." மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனைக் கணவாய் இது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று இந்த வாசலுக்குள் நெருக்கியடித்து நுழைகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பதற்கும் அதுதான் காரணம். ஆகவே இப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் அந்தக் காற்று வண்டிக்கு வெளியே அடிக்கிறது. உள்ளே இருப்பவர் என்ன செய்கிறார்? மண்ணும் தூசியும் கண்ணில் விழுகிறதே என்று கண்ணாடியை ஏற்றுகிறார், கதவைச் சாத்துகிறார், தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார், தளத்தில் விட்டிருக்கும் காற்றுத் துளையில் சாக்கை அடைக்கிறார். காற்று அதிகமான ஊரில்தான் வண்டிகள் அதிகம் அடைத்துக் கிடக்கின்றன. அதே காற்று, திறந்த பக்கமாக ஒரு வீச்சு உள்ளே வந்தால் சிம்மில் எரியும் அடுப்பை அணைக்கும். தீ அணைந்ததும் கேஸைத் தானாக நிறுத்தும் கருவி நம் வீட்டு அடுப்புகளில் பெரும்பாலானவற்றில் கிடையாது. தீ போகும், கேஸ் வந்துகொண்டே இருக்கும்.

வருகிற கேஸ் மேலே போகாது. நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. மேலே உள்ள ஜன்னல் திறந்திருந்தாலும் கீழே, பலகைக்கு அடியில், பேட்டரி இருக்கும் பெட்டியில், பாய் விரித்துப் படுத்திருக்கும் ஆளின் மட்டத்தில்தான் அது தேங்கும். எவ்வளவு கேஸ் இருந்தால் ஆபத்து? காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு இருந்தாலே பற்றிக்கொள்ளும். பத்து கன மீட்டர் கொள்ளும் ஒரு வேனுக்குள் அந்த அளவை எட்ட அரைக் கிலோவுக்கும் குறைவான கேஸ் போதும். தரையோடு தேங்கினால் அதுவும் வேண்டாம். பிறகு ஃபிரிட்ஜின் ஒரு பொறியோ, லைட் ஸ்விட்சின் ஒரு சொடுக்கோ மிச்ச வேலையைச் செய்துவிடும்.

வாடை வந்தால் தெரியாதா என்பார்கள். வரும், உண்மைதான். அதற்காகத்தான் வாடையே இல்லாத வாயுவில் எத்தில் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். ஆனால் அந்த வாடை விழித்திருக்கும் மூக்குக்குத்தான். தூங்குகிறவருக்குப் பெரும்பாலும் எட்டாது. மெல்ல மெல்லக் கசிந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். மீன் குழம்பு கொதிக்கும் வண்டியில் எது எந்த வாடை என்று பிரித்தறிவதும் கடினம். வாடை கடைசி எச்சரிக்கை. அதையே முதல் காவலாக வைக்கக் கூடாது.

மூடியாயிற்று என்ற நம்பிக்கை பெரிய இடங்களிலும் ஏமாற்றியிருக்கிறது. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்தது. 167 பேர் இறந்தார்கள். அங்கே ஒரு பம்பிலிருந்து பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். திறந்திருந்த குழாய் வாயில் ஒரு தகட்டு மூடியை வைத்தார்கள், ஆனால் கசியாதபடி இறுக்கவில்லை. பம்பை நிறுத்தியாயிற்று, இனி யார் ஓட்டப் போகிறார்கள் என்ற நினைப்பு. இரவுப் பணிக்கு வந்தவர்களுக்கு அந்த விவரம் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்பு நின்றதும் இதை ஓட்டினார்கள். மூடியின் ஓரத்தில் கசிந்தது நம் சிலிண்டரில் இருப்பதைப் போன்ற, புரோப்பேன் மிகுந்த திரவம். மூடி வைத்த ஒன்றை விவரம் தெரியாத ஒருவர் திறப்பார். அவ்வளவு பெரிய மேடையில் நடந்தது, ஆண்டுக்கு மூன்று கை மாறும் பழைய வேனில் நடக்காதா?

நமக்குப் பக்கத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 25 இரவு, லக்னோவிலிருந்து வந்திருந்த ஒரு தனிச் சுற்றுலாப் பெட்டியை நாகர்கோவிலில் புனலூர்–மதுரை விரைவு ரயிலில் இணைத்தார்கள். ஆரல்வாய்மொழி ரயில் நிலையத்தைத் தாண்டித்தான் அது மதுரை போனது. மறுநாள் அதிகாலை மதுரையில் தனியே நிறுத்தியிருந்த அந்தப் பெட்டிக்குள் சிலிண்டரில் டீ போட முயன்றபோது தீப்பிடித்து 9 பேர் மாண்டார்கள். அங்கே அடைக்காத குழாய் காரணமில்லை, கள்ளத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம். ஆனால் ஒன்றும் ஆகிவிடாது என்ற எண்ணம் அதுவேதான். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டித் தளத்தின் துளை வழியாக உள்ளே வந்தது என்று கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் கண்டறிந்தார்கள். கீசரைக் கழற்றும்போது தளத்தில் விட்டுப்போகும் துளைகளையும் எண்ணிப் பாருங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் குழாயைக் கண்டுபிடிக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து தொடங்கி விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். பலகைக்குப் பின்னால் ஒளிந்தால் பலகையைக் கழற்ற வேண்டும். எங்கெல்லாம் குழாய் இரண்டாகப் பிரிகிறதோ அந்த ஒவ்வொரு டீ ஜாயிண்டிலிருந்தும் எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். எந்த அடுப்புக்கும் போகாத கிளைதான் நாம் தேடுவது. வால்வை இன்னும் நம்புகிறவர்கள் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, பக்கத்தில் தீயோ பொறியோ இல்லாமல், அந்தக் குழாயின் வாயை ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சமாக முக்கிப் பார்க்கட்டும். குமிழி வந்தால் வால்வு கசிகிறது. வராவிட்டால் இன்றைக்குக் கசியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அடைக்க வேண்டும். சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கம்பி கட்டுவதும், எம்-சீல் அப்புவதும், செம்புக் குழாயை மடக்கிச் சுத்தியலால் தட்டுவதும் அடைப்பு ஆகாது. மடக்கிய செம்பு அதிர்வில் வெடிக்கும். குழாயின் வாய்க்குப் பொருந்தும் பித்தளை மூடியை ஸ்பானரால் இறுக்க வேண்டும். அதைவிட நல்லது, வேண்டாத கிளையை டீ ஜாயிண்ட் வரைக்கும் முழுக்க எடுத்துவிட்டு, ஜாயிண்டிலேயே பிளக் போடுவது. இல்லாத குழாய் கசியாது. திருகு மரையில் சுற்ற, கேஸுக்கு உரிய தடித்த டேப் வேண்டும், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெல்லிய டேப் போதாது.

கடைசியாகச் சோதிக்க வேண்டும். சோப்பு நுரை நல்ல சோதனை. தீக்குச்சி சோதனை கூடவே கூடாது. கொத்தனார் மட்டம் பார்க்கும் அந்தத் தெளிவான டியூபை யூ வடிவில் வளைத்து, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அடுப்பின் கேஸ் வரும் வழியில் மாட்டினால் அதுவே அளவுமானி. வீட்டு ரெகுலேட்டரின் அழுத்தம் ஏறக்குறைய 30 செ.மீ. தண்ணீர் உயரம். கேஸைத் திறந்து தண்ணீர் ஏறியதும் சிலிண்டரை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. பயிற்சி பெற்ற கேஸ் ஃபிட்டர் இதைச் செய்ய வேண்டும். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

"நாளைக்கு மறுபடியும் கீசர் மாட்டணும்னா குழாய் வேணுமே அண்ணாச்சி" என்று பட்டறைக்காரர்கள் கேட்கிறார்கள். மாட்டும்போது புதுக்குழாய் போடட்டும். கீசர் வருமோ வராதோ, அதுவரை அந்த வண்டியில் படுப்பவர்கள் குடும்பத்தோடு வரும் யாத்திரைக்காரர்கள். ஒரு பித்தளை மூடியின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டை எட்டாது. கிளையை எடுத்தாயிற்று, எங்கே பிளக் போட்டிருக்கிறது என்ற இரண்டையும் பட்டறை பில்லில் எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டியை விற்கும்போது அந்தத் தாளும் ஆர்.சி. புத்தகத்தோடு கை மாற வேண்டும். எடுத்த குழாயைப் பட்டறை வைத்துக்கொள்ளாமல் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். பழைய செம்பை எடைக்குப் போட்டால் மூடியின் விலை அதிலேயே வந்துவிடும்.