அருமையும் உரிமையும்

அருகிப்போகும் நூலைப் பெயர்த்தெழுதிக் காப்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாகப் போற்றிவந்த நற்செயலாகும். செல்லரித்த ஏட்டைக் கண்டு மனம் வருந்திப் புதிய ஏட்டில் அதனை எழுதிவைத்தவர்கள் இல்லையாயின், சங்கத் தொகைகள் இன்று நம் கைக்கு எட்டியிரா. அந்நற்செயலின் பெயரைப் பூண்டுகொண்டு இப்பொழுது வேறொரு தொழில் தலையெடுத்துள்ளது. கடைகளிற் கிடையாத நூல்களை நிழற்பிரதி எடுத்து, அட்டை கட்டி, இணையத்தில் விலை கூறி விற்பதே அத்தொழில். இது தொண்டா, களவா என்பதை ஆசிரியரும் மாணவரும் ஆராய்ந்து துணிதல் வேண்டும்.

இலக்கண உரைகளும் ஆய்வு நூல்களும் மட்டுமே இவ்வாறு அருமைப்பொருள் ஆகின்றன என்று எண்ணவேண்டா. சிவகாசியில் 1972ஆம் ஆண்டு தோன்றிய முத்து காமிக்ஸ் என்னும் சித்திரக்கதை வெளியீட்டின் பழைய இதழ்களுக்குத் தொகுப்போரிடையே இன்று பெருமதிப்பு உண்டு. சிறுவர் விளையாட்டு நூல்களுக்கும் உலகெங்கும் அத்தகைய தொகுப்பாளர் உளர். எங்கே தேவை மிகுந்து சரக்குக் குறைகின்றதோ அங்கே பிரதி வியாபாரி வந்து சேர்கின்றான். பிரதியைப் பிரதியென்று கூறி விற்பவன் நூலுக்கு உரியவனை வஞ்சிக்கின்றான். அதனையே மூல நூலென்று கூறி விற்பவனோ வாங்குவோனையும் சேர்த்து வஞ்சிக்கின்றான்.

“நூல் கிடைக்கவில்லை, பதிப்பித்தவரும் மறுபடி அச்சிடவில்லை, நாங்கள் விற்பதால் யாருக்கு என்ன நட்டம்?” என்று இவர்கள் வினவுவர். இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. ஈழத்துத் தமிழ் நூல்கள் அருகியதற்கு நம்மவரின் அசட்டை மட்டும் காரணமன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1990ஆம் ஆண்டு வட மாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் நமது புத்தளக் கரையில் வந்து குடியேறினர். உடுத்த உடையோடு வந்தவர்கள் வீட்டு நூல்களை எங்ஙனம் சுமந்து வருவர்? கற்பிட்டியிலும் முந்தலிலும் உடப்பிலும் பயிலும் உயர்தர வகுப்பு மாணவனுக்கு ஒரு நிழற்பிரதி கிடைப்பதே பெரும் பேறாகும் நிலை உண்டென்பதை ஆசிரியர் அறிவர். ஆகவே பிரதி எடுத்தலையே குற்றமென்று கூறுவார் நம் நாட்டு வரலாறு அறியாதவராவர்.

எனினும், ஏடு பெயர்த்தெழுதியவனும் நிழற்பிரதி விற்பவனும் ஒருவரல்லர். பண்டைப் புலவன் தன் நூலின் பிரதிகளை விற்று வாழ்ந்தானல்லன். அவனைப் புரந்தவர் வள்ளல்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவருக்குச் சீதக்காதி வள்ளலும், அவருக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரும் துணைநின்றனர் என்பதை யாவரும் அறிவோம். நூல் அரங்கேறுங்காலத்தே புலவனுக்குரிய பரிசில் அவனைச் சேர்ந்துவிட்டது. அதன்பின் ஒருவன் ஆயிரம் ஏடு எழுதினும் புலவனுக்கு இழப்பில்லை, புகழே பெருகிற்று.

இன்று வள்ளல் இல்லை. வாசகன் கொடுக்கும் விலையே பரிசில். அதிலும் இலங்கைத் தமிழ் எழுத்தாளர் பலர் தம் கைப்பொருளையே முதலிட்டுச் சில நூறு பிரதிகள் அச்சிடுகின்றனர். வெளியீட்டு விழாவில் விற்றவை போக எஞ்சியவற்றை வீட்டு மூலையில் அடுக்கி வைக்கின்றனர். அச்சுக் கூலியே மீளாத நிலையில் மறுபதிப்புக்குத் துணிவு எங்கிருந்து வரும்? நூல் கிடைக்காமையால் பிரதி பிறக்கின்றது என்பது பாதி உண்மை. பிரதி மலிவதால் மறுபதிப்புப் பிறவாது போகின்றது என்பது மறுபாதி.

நாட்டுச் சட்டமும் இதில் நெறி பிறழவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோனின் வாழ்நாளுக்கும் அவன் மறைந்தபின் 70 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமையை வழங்குகின்றது. சொந்தப் பயனுக்கென ஒருவன் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுதலை அது ஏற்கின்றது. ஆனால் முழு நூலையோ அதன் பெரும்பகுதியையோ நிழற்பிரதி எடுத்தல் அச்சலுகையுள் அடங்காது. வகுப்பறைக் கற்பித்தலுக்குச் சிறு பகுதிகளை எடுக்கலாம். இலாபம் கருதாத நூலகம், அழிந்துபோன நூலுக்கு ஈடாக, வேறு வழியில் அது கிடையாதவிடத்து, ஒரு பிரதி ஆக்கலாம். கற்போனுக்கும் காப்போனுக்கும் திறந்த வாயிலை விற்போனுக்கு மட்டும் அது அடைத்துவிட்டது. இந்திய நூலாயின் தடையில்லை என்று சிலர் கருதுவதும் பிழையே. இரு நாடுகளும் பேர்ண் உடன்படிக்கையில் உறுப்புரிமை பெற்றவை. இலங்கை 1959ஆம் ஆண்டிலேயே அதிற் சேர்ந்துவிட்டது.

கற்றலுக்கும் வாணிகத்துக்கும் உள்ள இவ்வேறுபாட்டை டில்லியில் நிகழ்ந்த வழக்கொன்று நன்கு விளக்கும். டில்லிப் பல்கலைக்கழக மாணவருக்காகப் பாடப்பகுதிகளை நிழற்பிரதி எடுத்துத் தொகுத்து வழங்கிய கடையின்மீது ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் முதலிய பதிப்பகங்கள் 2012ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தன. கற்பித்தலின் பொருட்டுப் பாடத்திட்டப் பகுதிகளை அவ்வாறு எடுத்தல் இந்தியச் சட்டத்துக்கு ஏற்புடையதே என்று உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மாணவனுக்கு அரண். அருமை நூலை முழுமையாகப் பிரதிசெய்து தொகுப்போருக்கு விற்பவனுக்கு அது அரணாகாது.

உரிமை நீங்கிய நூல்களும் பலவுண்டு. நமது கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புளூராக்கை இன்று யாரும் தடையின்றி அச்சிடலாம். அவர் மறைந்தது 1860இல். 1947இல் மறைந்த விபுலாநந்த அடிகளின் யாழ் நூலும் அவ்வாறே. ஆனால் 1982இல் மறைந்த பேராசிரியர் கைலாசபதியின் நூல்களுக்கு இந்நாட்டில் 2052 வரை உரிமை உண்டு. நூல் பழையதா, கிடைத்தற்கு அரியதா என்பன கேள்விகளல்ல. ஆக்கியோன் எப்போது மறைந்தார் என்பதே கேள்வி. உரிமை முடியுமுன்னரே ஒரு நூலைப் பொதுவாக்க விரும்பின் அதற்கும் நேர்வழி உண்டு. பாரதியார் பாடல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் 1949இல் தானே பெற்று, கவிஞரின் குடும்பத்தாருக்கும் பொருள் வழங்கி, பின்னர் நாட்டுக்குப் பொதுவாக்கிற்று. பொதுநலம் பேசி எவரும் உரியவரை மறைத்துவிடவில்லை.

உரியவருக்கும் ஒரு கடமை உண்டு. தந்தையின் நூலைத் தாமும் அச்சிடாது, பிறர் அச்சிடவும் இசையாது, பெட்டியிற் பூட்டி வைக்கும் வழித்தோன்றல்களே பிரதி வியாபாரிக்கு முதல் துணைவர். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி எவரும் இலவசமாகப் படிக்க வைத்துள்ளது. அத்தகைய முயற்சிக்கு எழுத்து மூலமாக ஓர் இசைவு கொடுத்தால் நூலும் வாழும். ஆக்கியோன் பெயரும் வாழும். ஐம்பது பிரதிகள் மட்டும் அச்சிடும் வசதியும் இன்று உண்டாகையால், பழைய மாணவர் சங்கங்களும் இலக்கிய வட்டங்களும் உரியவரிடம் கேட்டு மறுபதிப்புச் செய்தல் அரிதன்று.

சிறப்புப் பாயிரத்தின் இலக்கணம் கூறும் நன்னூல் ஆக்கியோன் பெயரையே முதலில் வைத்து எண்ணுகின்றது. அதனைப் பாடமாக ஒப்பிக்கும் மாணவன், ஒரு பிரதியை விலைகொடுத்து வாங்குமுன், “இதற்கு ஆக்கியோன் இசைந்தாரா?” என்று விற்போனைக் கேட்கவும் பழக வேண்டும். அதனைப் பழக்குதல் ஆசிரியர் கடன். விடை கிடையாத பிரதியை வாங்காது, அந்நூலின் பெயரை எழுதி உரியவருக்கு ஒரு கடிதம் அனுப்புவோமாக. பத்துக் கடிதங்கள் சேர்ந்தால் ஒரு மறுபதிப்புக்கு அவை வித்தாகலாம்.