போற்றுரையும் பொய்யாமையும்

மறைந்தாரைப் போற்றுதல் மாந்தர் கடன். கையறுநிலை என ஒரு துறையே வகுத்த தமிழர்க்கு இது புதிதன்று. ஆயின், போற்றுரையில் எதனைச் சொல்வது, எதனை விடுவது என்பது எந்நாட்டார்க்கும் உரிய வினா. அதற்கு வட அமெரிக்க ஆங்கிலக் குடியேற்றங்களில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

இன்று பிரின்சுடன் பல்கலைக்கழகமாக விளங்கும் நியூ செர்சிக் கல்லூரியின் இரண்டாம் தலைவர் ஆரன் பர் என்னும் ஆயர். அவர் பயின்ற யேல் கல்லூரி, சென்னைக் கோட்டை ஆளுநராயிருந்து பெருஞ்செல்வம் திரட்டிய எலிகூ யேலின் கொடையால் அப்பெயர் பெற்றது. பர் 1748-இல் தலைமையேற்றார். இலத்தீன் இலக்கணம் யாத்தார். 1756-இல் கல்லூரியைப் பிரின்சுடனில் நிலைநிறுத்தினார். 1757 ஆகத்து 31-இல் ஆளுநர் பெல்ச்சர் இறந்தபோது, உடல்நலங் குன்றிய நிலையிலும் சென்று இறுதியுரை ஆற்றினார். செப்தம்பர் 24-இல் தாமும் மறைந்தார், அகவை 41.

அவர்க்கு வில்லியம் இலிவிங்சுடன் வரைந்த இரங்கலுரை அவ்வாண்டே நியூயார்க்கில் அச்சேறியது. பட்டமளிப்பு விழாவில் இலத்தீனில் முழங்கிய தலைவர்க்கு, இரங்கலுரை ஆங்கிலத்திலேயே எழுந்தது. கற்ற மொழி புலமைக்கு. பெற்ற மொழியே துயர்க்கு.

இவை போற்றத்தக்கன. ஆனால் மற்றொன்றும் உண்டு. அக் கல்லூரியின் முதல் ஒன்பது தலைவரும் வாழ்நாளில் என்றேனும் அடிமைகளை உடைமையாகக் கொண்டவர். அவருள் பர்ரும் ஒருவர். ஐந்தாம் தலைவர் சாமுவேல் பின்லி, 1761-இல் தம் முன்னவர் தேவீசுக்கு இரங்கற் பேருரை ஆற்றியவர். 1766-இல் அவர் மறைந்ததும் ஏல அறிவிப்பு ஒன்று வெளிவந்தது. கறுப்பினப் பெண்டிர் இருவர், ஆண் ஒருவர், குழந்தைகள் மூவர். உடன் குதிரைகள், கால்நடைகள், வைக்கோல்! தலைவர்க்குப் பேருரை, அவர் மனையில் உழைத்தார்க்கு விலைப்பட்டியல்.

அது அக்கால வழக்கென்பார் உளர். அவ்வாதம் நில்லாது. அதே நியூ செர்சியில் வாழ்ந்த சான் உல்மன், பர் உயிரோடிருந்த 1754-இலேயே அடிமை கொள்ளுதலைக் கண்டித்து நூல் வெளியிட்டார். அக்காலத்திலேயே அறங்கண்ட கண்ணும் இருந்தது.

பர்ரின் கல்வித்தொண்டை எவரும் மறுக்க வேண்டா. அதனோடு இவ்வுண்மையையும் சேர்த்து உரைப்பது இறந்தாரை இழித்தலாகாது. குறை மறைத்த புகழ், மறைத்தது வெளிப்படும் நாளில் முழுதும் சாயும். குறையொடு கூறிய புகழே நிற்கும். பெயரின்றி விற்கப்பட்ட அறுவர்க்கும் ஒரு வரி சேரும்போதே அவ்விரங்கல் நிறைவுறும்.