காசு கொடுத்து வாங்கும் சிபாரிசு

காப்பி, மிளகு, ஆரஞ்சு விற்கும் இந்த மலையில் இப்போது புதிதாக ஒரு சரக்கும் விலை போகிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, தராசில் நிறுக்க முடியாது, ரசீதும் பெரும்பாலும் கிடைக்காது. "உங்கள் இணையதளம் புதியதா? ஒரே மாதத்தில் இரண்டாயிரம் பேக்லிங்க் போட்டுத் தருகிறோம். கூகுளில் முதல் பக்கம் நிச்சயம்" என்று போனில் ஒரு குரல் பேசும். அடுத்த நிமிடம் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் வந்துவிடும். ஏற்காடு டவுனில் பெரிய ஓட்டல் வைத்திருப்பவர்களை விட்டுவிட்டு, மாரமங்கலம் போன்ற ஊர்களில் வீட்டோடு இரண்டு மூன்று அறை கட்டி விருந்தாளிக்குக் காத்திருக்கிற குடும்பங்களைத்தான் இவர்கள் குறி வைக்கிறார்கள்.

இது காசைப் பறிக்கிற வேலை என்பது என் கட்சி. கம்ப்யூட்டர் படிக்காத கிழவன் பேச்சு என்று ஒதுக்க வேண்டாம். விஷயம் கம்ப்யூட்டரைப் பற்றியது அல்ல, சிபாரிசைப் பற்றியது. அதில் எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் அனுபவம் உண்டு.

அரசுக் கடிதம் எழுதியவர்களுக்குத் தெரியும். "பொருள்" என்ற வரிக்குக் கீழே "பார்வை" என்று ஒரு வரி வரும். எந்த அரசாணையை, எந்தக் கடிதத்தை ஆதாரமாக வைத்து எழுதுகிறோம் என்று அங்கே காட்டுவோம். நூறு கோப்புகள் ஒரே அரசாணையைப் பார்வையில் காட்டினால் அது முக்கியமான ஆணை என்று புதிதாக வந்த இளநிலை உதவியாளருக்கும் புரிந்துவிடும். இணையத்தில் ஒரு தளம் இன்னொரு தளத்தைச் சுட்டுவதற்குப் பெயர்தான் இணைப்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998இல் கூகுளைத் தொடங்கியது இந்த எண்ணத்தின் மேல்தான். அதிகம் பேர் சுட்டும் பக்கம் மதிப்புள்ளது. மதிப்புள்ளவர் சுட்டினால் இன்னும் மதிப்பு. தலைமைச் செயலகக் கடிதத்துக்கும் டீக்கடைத் துண்டுச் சீட்டுக்கும் ஒரே எடை கிடையாது அல்லவா, அதே நியாயம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் 'பிஸ்தோன்' என்று ஒரு சொல் உண்டு. எஞ்சினுக்குள் தள்ளும் உந்துதண்டு என்பது நேர் அர்த்தம். பேச்சு வழக்கில், ஆளைப் பிடித்து மேலே தள்ளிவிடும் சிபாரிசு. தகுதியால் வந்தவன் வேறு, பிஸ்தோனால் வந்தவன் வேறு என்று பெரியவர்கள் சொல்வார்கள். கூகுள் வந்து சில வருஷங்களுக்குள் இணையத்திலும் பிஸ்தோன் கடைகள் முளைத்துவிட்டன. இணைப்புக்கு மதிப்பு என்றால் இணைப்பையே விலைக்கு விற்கலாமே!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுத் தொடங்கிய தளம் ஒன்றுக்குத் திடீரென்று ஆயிரக்கணக்கில் இணைப்பு குவிந்தால் என்ன ஆகும்?

அலுவலகத்தில் ஒரே தபாலில் முந்நூறு மனுக்கள் வருவதுண்டு. முந்நூறு பெயர்கள், ஆனால் ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒரே எழுத்துப்பிழை. மூன்றாவது மனுவைப் பிரிக்கும்போதே குமாஸ்தாவுக்கு விஷயம் விளங்கிவிடும். நாங்கள் யார் மேலும் நடவடிக்கை எடுக்கமாட்டோம். முந்நூறையும் ஒன்றாகக் கட்டி, தன்பதிவேட்டில் ஒரே எண் கொடுத்து, ஒரே மனுவாக வைத்துக்கொள்வோம். முந்நூறு தபால்தலைக் காசு போனதுதான் மிச்சம்.

கூகுளும் இன்று பெரும்பாலும் இதைத்தான் செய்கிறது. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது, போலி இணைப்பு வைத்திருந்த தளங்களைக் கீழே இறக்கியது. 2016 செப்டம்பரில் அதையே மாற்றி, தளத்தைத் தண்டிப்பதைவிட அந்த இணைப்புகளை மதிப்பற்றதாக்கும் வழிக்கு வந்தது. 2022 டிசம்பரில் 'ஸ்பேம்பிரெய்ன்' என்ற இயந்திர மூளையை இந்த வேலைக்கு அமர்த்தியது. வாங்கிய இணைப்பு, விற்ற இணைப்பு இரண்டையும் அது அடையாளம் கண்டு பூஜ்யமாக்கும். மிகவும் மிஞ்சிப்போனால் ஆட்கள் நேரடியாகப் பார்த்துத் தளத்தைத் தாழ்த்தும் நடவடிக்கையும் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

"ஒன்றும் ஆகாது சார், பெனால்டி எல்லாம் பழைய கதை" என்று விற்பவன் சொல்வது ஆகவே பாதி உண்மை. ஒன்றும் ஆகாது என்பது சரி. கெட்டதும் ஆகாது, நல்லதும் ஆகாது. ஒன்றும் ஆகாததற்கு எதற்கு ஐயா பணம்?

எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் மூன்று அறை கட்டி, படங்கள் எடுத்து, ஒரு தளம் திறந்தார். போன வருஷக் காப்பி விற்ற பணத்தில் பதினெட்டாயிரம் ரூபாய் இந்த வியாபாரிகளில் ஒருவருக்குப் போயிற்று. இரண்டு மாதம் கழித்து, "ஐயா, உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு பட்டியலைக் கொண்டுவந்தார். அவருக்குக் கிடைத்த இணைப்புகளின் கணக்கு அது. பாதி சூதாட்டத் தளங்கள். என்ன மொழி என்றே தெரியாதவை சில. பிரெஞ்சில் இருந்த ஒரு பக்கத்தைப் படித்தேன். குளிர்காலத்தில் வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும் கொதிகலனைப் பழுது பார்ப்பது பற்றிய கட்டுரை. இலக்கணம் நொண்டியது, மனிதர் எழுதியதாகத் தெரியவில்லை. அதன் நடுவில், முன்னுக்கும் பின்னுக்கும் சம்பந்தமில்லாமல், 'ஏற்காடு ஹோம்ஸ்டே' என்று நீல எழுத்தில் இரண்டு சொற்கள். கொதிகலன் ரிப்பேர் செய்யத் தேடும் பிரெஞ்சுக்காரர் இதைப் படித்துவிட்டுச் சேலத்தில் இறங்கிக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மாரமங்கலம் வருவார் என்று நம்பவேண்டும்!

வந்த விருந்தாளி யாரும் இல்லை. தேடலில் தளம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் கோபத்தை மூட்டியது. அதே ஆள் போன் செய்து, "உங்கள் தளத்துக்குக் கெட்ட இணைப்புகள் நிறைய வந்துவிட்டன, அவற்றை நீக்க ஆறாயிரம் ஆகும்" என்றானாம். விஷத்தை விற்றவனே முறிவு மருந்தும் விற்கிறான். வேண்டாத இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று தெரிவிக்கும் வசதியைக் கூகுள் 2012 அக்டோபரிலேயே இலவசமாகக் கொடுத்திருக்கிறது. பெரும்பாலான தளங்களுக்கு அதுகூடத் தேவைப்படாது என்றும் கூகுளே சொல்கிறது.

வேறொரு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். "அவசரப்பட்டதுதான் தப்பு. நாங்கள் மாதம் ஐம்பது வீதம் மெதுவாகப் போடுவோம், இயற்கையாகத் தெரியும்" என்பார்கள். இவர்கள் முன்னவர்களைவிடச் சாமர்த்தியசாலிகள், ஆகவே அதிக ஆபத்தானவர்கள். லஞ்சத்தைத் தவணையில் வாங்கினால் லஞ்சம் இல்லை என்று ஆகிவிடுமா?

வேகம் மட்டும் குற்றம் ஆகாது. கூகுள் 2003 டிசம்பரில் விண்ணப்பித்த ஒரு காப்புரிமையில் இந்த விஷயம் இருக்கிறது. இணைப்புகள் திடீரென்று பெருகினால் அது மோசடியாகவும் இருக்கலாம், ஊரே பேசும் ஏதோ ஒரு சங்கதியாகவும் இருக்கலாம் என்று இரண்டு பக்கமும் அதில் யோசித்திருக்கிறார்கள். மே மாதம் கோடை விழா வந்தால், மலர்க் கண்காட்சி பற்றி எல்லாப் பத்திரிகையும் ஒரே வாரத்தில் எழுதும். அந்த வாரம் ஒரு தோட்டத்தின் தளத்தை ஐம்பது பேர் சுட்டினால் அதில் என்ன சந்தேகம்? காரணம் இருக்கிறது, சுட்டுபவர்களும் நிஜ மனிதர்கள். காரணமே இல்லாமல், கொதிகலன் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு இணைப்பு வந்தாலும் அது போலிதான். எத்தனை நாளில் வந்தது என்பதை விட்டுவிட்டு, யார் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்று பாருங்கள்.

பெரிய இடங்களும் இதில் தப்பவில்லை. அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்ற பழைய பெரிய கடை, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான தளங்களிலிருந்து வந்த இணைப்புகளால் தேடலில் முன்னால் நின்றது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியே கொண்டுவந்தது. கூகுள் கை வைத்ததும், பயணப்பெட்டி ஒன்றின் பெயரைத் தேடினால் முதலிடத்தில் வந்த கடை இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. தங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி, ஒப்பந்தக்காரரை நீக்கினார்கள். 2013 பிப்ரவரியில் இங்கிலாந்தின் இன்டர்ஃப்ளோரா என்ற பூக்கடை, உள்ளூர்ப் பத்திரிகைத் தளங்களில் விளம்பரக் கட்டுரை போட்டு இணைப்பு வாங்கியதற்காகத் தன் சொந்தப் பெயரைத் தேடினாலும் கிடைக்காத நிலைக்குப் போய், 11 நாள் கழித்துத் திரும்பியது. 2012இல் காசு வாங்கிக்கொண்டு எழுதப்பட்ட இணைப்புக்காகக் கூகுள் தன் சொந்த 'குரோம்' பக்கத்தையே கீழே இறக்கியது. பென்னிக்குத் தேசம் முழுக்கக் கடைகள் இருந்தன, தாங்கிக்கொண்டது. மூன்று அறை வைத்திருப்பவர் ஒரு சீசன் போனால் என்ன செய்வார்?

இந்தச் சரக்குக்கு இவர்கள் ஒரு முத்திரை வைத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் டி.ஏ. "இந்தத் தளத்துக்கு டி.ஏ. அறுபது சார்" என்பார்கள். ஓய்வூதியக்காரர்களாகிய நமக்கு டி.ஏ. என்றால் அகவிலைப்படிதான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆவலோடு பார்ப்போம். இவர்கள் சொல்வது மோஸ் என்ற தனியார் கம்பெனி போட்டுக்கொண்ட ஒரு மதிப்பெண். கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. வேறு பள்ளிக்கூடத்து மதிப்பெண் பட்டியலைக் காட்டி இந்தப் பள்ளியில் பாஸ் போடச் சொல்வதைப் போல.

"நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்பது இன்னொரு முறை. இது மொய். மொய் எழுதுவது நல்ல வழக்கம்தான், ஆனால் மொய் நோட்டைக் காட்டி எனக்கு ஊரில் இவ்வளவு செல்வாக்கு என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அளவுக்கு மீறிய இணைப்புப் பரிமாற்றம் கூகுள் விதிகளில் தடை செய்யப்பட்டதே. விக்கிபீடியாவில் ஏற்காடு கட்டுரையின் அடியில் விடுதி முகவரியைச் செருகுவதும் வீண். அங்கிருந்து வெளியே போகும் இணைப்புகளில் 'நோஃபாலோ' என்ற குறி இருக்கிறது. இதைச் சிபாரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது.

இந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2024 மே மாதம் டெக்கிரஞ்ச் என்ற செய்தித்தளம் எழுதியது: பல மாநில அரசு முகவரிகளுக்குள் யாரோ புகுந்து வைத்த பக்கங்கள், மக்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிட்டன. அரசு முகவரிக்குத் தேடலில் மதிப்பு அதிகம் என்பதால் திருடுகிறார்கள். கோபுர முத்திரையைத் திருடிக் கள்ளக் கடிதம் எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"சரி ஐயா, புதிய தளத்துக்கு யார் சும்மா இணைப்பு கொடுப்பார்? பக்கத்துக்காரன் வாங்கி மேலே நிற்கிறானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாங்கியவன் சில வாரம் மேலே நிற்பதும் உண்டு. அது நாளைக்கு இறங்கினால் யாரிடம் போய்க் கேட்பான்? ரசீதே இல்லையே.

செய்யவேண்டியவை வேறு, எதற்கும் காசில்லை. கூகுளின் 'சர்ச் கன்சோல்' பகுதியில் தளத்தைப் பதிவு செய்து, எத்தனை பக்கங்கள் அதன் பட்டியலில் ஏறியிருக்கின்றன என்று பாருங்கள். ஏறாத பக்கத்தை ஆயிரம் இணைப்பாலும் விருந்தாளி கண்ணில் காட்ட முடியாது. மேப்பில் வீட்டைச் சரியான இடத்தில் பதியுங்கள். பக்கத்தில் எங்கே தங்கலாம் என்று தேடுபவருக்குப் பொருத்தம், தூரம், பேர் மூன்றையும் பார்த்துத்தான் கூகுள் காட்டுகிறது. தங்கிப் போனவர்களை அவர்கள் கருத்தை எழுதச் சொல்லுங்கள், அவர்கள் மனம்போல எழுதட்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மழைக்காலத்தில் பாதை எப்படி, காப்பிப் பழம் பறிப்பதை எந்த மாதம் பார்க்கலாம் என்று ஊரில் இருப்பவருக்கு மட்டுமே தெரிந்ததைத் தளத்தில் எழுதுங்கள். அப்படி எழுதிய பக்கத்தை ஒரு பயணக் கட்டுரைக்காரர் தானாகச் சுட்டுவார். அந்த ஒன்று பதினெட்டாயிரம் ரூபாய்ச் சரக்கைவிடக் கனமானது.

நாற்று நட்டால் காப்பி காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும் என்று இந்த மலையில் குழந்தைக்கும் தெரியும். ஒரே மாதத்தில் காய்க்க வைக்கிறேன் என்று ஒருவன் வந்தால் தோட்டத்துப் பக்கமே சேர்க்கமாட்டோம். கம்ப்யூட்டர் என்றதும் மட்டும் அந்த விவேகத்தை ஏன் கழற்றி வைக்கிறோம்?

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையோ பேரனோ புதிதாகத் தளம் தொடங்கியிருந்தால், இணைப்பு வாங்கப் பணம் கொடுக்கும் முன் விற்பவனிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "இந்த இரண்டாயிரம் பேரில், எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் உண்டா?" பதில் வராவிட்டால் போனை வைத்துவிடலாம்.