கல்யாணச் சாவும் கண்ணீரும்

சாவு வீட்டில் அழுது புலம்புவது அநாகரிகம், மாண்டவரின் வாழ்வைக் கொண்டாடி மகிழ்ச்சியோடு வழியனுப்புவதே விவேகம் என்னும் அபிப்பிராயம் அண்மைக்காலமாகப் படித்தவர்களிடையே பரவி வருகிறது. மரணத்தின் சந்நிதியில் மௌனத்துக்கும் கண்ணீருக்குமன்றி வேறெதற்கும் இடமில்லை என்று வாதிப்போரும் உளர். இவ்விரு சாராரும் நம் கிராமங்களின் சம்பிரதாயத்தைச் சற்றே நிதானித்து நோக்குவார்களாயின், இவ்வழக்கை நம் முன்னோர் என்றோ தீர்த்து வைத்திருப்பதைக் காண்பார்கள்.

எண்பது தொண்ணூறு பிராயம் கண்டு, பேரன் பேத்தி எடுத்து, நிறைவாழ்வு வாழ்ந்தவரின் மரணத்துக்குக் ‘கல்யாணச் சாவு’ என்று பெயர். அன்று பாடை பூப்பல்லக்காகிறது. பறை முழங்க, வெடி அதிர, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள். அதே தெருவில் மணமாகாத இளைஞன் ஒருவன் மாண்டுபோனாலோ, வெடியும் இல்லை, ஆட்டமும் இல்லை. அடுத்த வீட்டு அடுப்பும் அன்று எரிய நாணுகிறது. கொண்டாட்டமா துக்கமா என்பதை இங்கே தீர்மானிப்பது மாண்டவர் வாழ்ந்து முடித்த வாழ்வின் நிறைவேயன்றி, இருப்பவரின் கொள்கையன்று.

கல்யாணச் சாவிலுங்கூட அழுகையை எவரும் விலக்கியதில்லை. ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு பெண்கள் வைக்கும் ஒப்பாரியில், மாண்டவர் வெட்டிய கிணறும், கட்டிக்கொடுத்த பெண்களும், பசித்து வந்தவர்க்கு இட்ட சோறும் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. அதியமான் மாண்டபோது ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டில், கள் சிறிதளவே கிடைத்தால் தமக்கே கொடுத்துவிட்டு, மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாடத் தானும் உடனுண்டு மகிழ்ந்த அவனுடைய தோழமையன்றோ முதலில் நினைவுகூரப்படுகிறது? வாழ்வைக் கொண்டாடுதல் என்று இன்று நாம் புதிதாகக் கற்பிப்பதெல்லாம் அழுகையின் உள்ளேயே குடியிருந்தது.

இச்சம்பிரதாயத்தில் களைய வேண்டிய அநீதியும் உண்டு. சாவுக்குப் பறையடிப்பதை ஒரு வகுப்பாரின் தலையில் கட்டாயமாகச் சுமத்தி, அக்கலையை இழிவென்று ஒதுக்கிய கொடுமை ஒழிந்து, கலைஞர் தம் விருப்பத்தோடு மரியாதையுடன் வாசிக்கும் பறையே நம் முற்றங்களில் முழங்க வேண்டும்.

நகரங்களில் நான் கண்டு வருந்துவது வேறொன்று. ஐஸ் பெட்டி வந்து இறங்கிய சில மணி நேரத்தில், அக்கம்பக்கத்தார் சங்கடப்படுவார்களே என்று ஒப்பாரியும் அடக்கப்பட்டு, உடல் மின்மயானத்துக்குப் போய்விடுகிறது. அழுகையும் நிகழவில்லை, கொண்டாட்டமும் நிகழவில்லை. இந்நிலையில், பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்ப் புன்னகை செய் என்று உபதேசிப்பது குரூரமாகும்.

தெரு நெடுகப் பறைக்கு ஆடிவந்த பேரன், மயானத்தில் கொள்ளிக்குடம் உடையும் ஓசை கேட்டதும் அப்படியே மண்ணில் அமர்ந்து விம்மி அழுவதை நம்மில் பலரும் கண்டிருக்கிறோம். அவனை அப்போது எவரும் தேற்றுவதில்லை. பெரியவர் ஒருவர் அருகே வந்து, பேசாமல் நின்றுகொள்வார். அந்தப் பெரியவரின் விவேகமே நமக்கும் வேண்டுவது.