'3 மாசத்துல சிசிஎன்ஏ, 100% வேலை'... பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

கல்லூரி கடைசி செமஸ்டர் நெருங்கினாலே போதும். பஸ் ஸ்டாண்ட் சுவரில் இருந்து இன்ஸ்டா ரீல்ஸ் வரை ஒரு விளம்பரம் தவறாமல் கண்ணில் படும். '3 மாதத்தில் சிசிஎன்ஏ, 100% வேலை உத்தரவாதம்!' இதை நம்பி நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்களும் உண்டு. ஆனால் படிச்சு முடிச்சு கைக்கு வர்ற சான்றிதழ் உண்மையிலேயே சிசிஎன்ஏ தானா? இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

சிசிஎன்ஏ என்றால் என்ன?

ஒரு ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டர்கள், வைஃபை, சர்வர், இன்டர்நெட் எல்லாவற்றையும் இணைப்பது ஸ்விட்ச், ரவுட்டர் போன்ற கருவிகள். இவற்றைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களில் ஒன்று அமெரிக்காவின் சிஸ்கோ. நெட்வொர்க் வேலைக்கு ஒருவர் தயாரா என்று பார்க்க, அந்த நிறுவனம் 1998-ல் கொண்டு வந்த அடிப்படைத் தேர்வுதான் சிசிஎன்ஏ.

முன்பு இதில் செக்யூரிட்டி, வயர்லெஸ், கிளவுட் எனத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. 2020 பிப்ரவரியில் அவற்றைச் சுருக்கி, 200-301 என்ற ஒரே தேர்வாக மாற்றினார்கள். 2024 ஆகஸ்டில் பாடத்திட்டம் 1.1 எனப் புதுப்பிக்கப்பட்டு, ஏஐ, மெஷின் லேர்னிங் பற்றிய அடிப்படைகளும் சேர்ந்தன. அதனால் பழைய புத்தகம், பழைய நோட்ஸை வைத்துப் பாடம் நடத்தும் இடமாக இருந்தால் கொஞ்சம் உஷாரா இருங்க.

சான்றிதழ் ரெண்டு... சிசிஎன்ஏ ஒண்ணுதான்!

பயிற்சி மையம் கொடுப்பது 'கோர்ஸ் முடித்தார்' என்ற சான்றிதழ். அது வகுப்புக்கு வந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. சிசிஎன்ஏ சான்றிதழை சிஸ்கோ மட்டும்தான் தர முடியும். அதற்கு பியர்சன் வியூ தேர்வு மையத்திலோ, ஆன்லைன் கண்காணிப்பிலோ தனியாகத் தேர்வு எழுதி பாஸ் ஆக வேண்டும். பாஸ் ஆனவருக்கு டிஜிட்டல் பேட்ஜ் கிடைக்கும். அதன் லிங்க்கை வைத்து, சான்றிதழ் உண்மையா என்று வேலை கொடுக்கும் நிறுவனம் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடும்.

தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரி தனி. வரியைச் சேர்க்காமலேயே ரூபாய் மதிப்பில் 25 ஆயிரத்தைத் தாண்டிவிடும். கோர்ஸ் கட்டணத்தில் இது அடக்கமா இல்லையா என்பதைப் பணம் கட்டும்போதே கேட்க வேண்டும். ஃபெயில் ஆனால் 5 நாள் கழித்து மறுபடியும் எழுதலாம். ஆனால் கட்டணமும் மறுபடி கட்டணும். பாஸ் ஆனாலும் சான்றிதழ் 3 ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இந்த டிகிரி இருந்தால்தான் எழுதலாம் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. தேர்வு நேரம் 120 நிமிடம். கேள்விகள் ஆங்கிலத்தில் வரும், தமிழில் எழுதும் வசதி இல்லை. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்தவும் முடியாது.

என்ன கேட்பாங்க?

ஐபி இணைப்பு 25%, நெட்வொர்க் அடிப்படை 20%, நெட்வொர்க் ஆக்சஸ் 20%, பாதுகாப்பு 15%, ஐபி சேவைகள் 10%, ஆட்டோமேஷன் 10%. இதுதான் பாடத்திட்டப் பங்கீடு. சரியான விடையை டிக் அடிப்பதோடு முடிவதில்லை. கமாண்ட் அடித்து ரவுட்டரை செட் பண்ணும் லேப் கேள்விகளும் உண்டு.

டம்ப்ஸ்: குறுக்கு வழியில் இருக்கும் குழி

'டம்ப்ஸ் தர்றோம், மனப்பாடம் பண்ணா பாஸ்' என்று சில இடங்களில் சொல்வார்கள். டம்ப்ஸ் என்பது கசிந்த கேள்வி, பதில்களின் தொகுப்பு. தேர்வுக்கு முன் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான் கேள்வியே திரையில் வரும். அதை மீறினால் சான்றிதழை ரத்து செய்யவும், மறுபடி தேர்வு எழுதத் தடை போடவும் சிஸ்கோவுக்கு உரிமை உண்டு.

மாட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இன்டர்வியூவில் ஒரே ஒரு கேள்வி போதும். "ஒரு கம்ப்யூட்டர்ல நெட் வரல. ஐபி முகவரி 169.254-ல ஆரம்பிக்குது. என்ன பிரச்னை?" லேபில் உட்கார்ந்து பழகியவர் உடனே சொல்வார்: ஐபி முகவரி கொடுக்க வேண்டிய டிஹெச்சிபி சர்வரிடம் இருந்து பதில் வரவில்லை, அதனால் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டது. கேபிளைப் பார்க்கணும், ஸ்விட்ச் போர்ட் சரியான வி-லேனில் இருக்கான்னு பார்க்கணும், அப்புறம் சர்வரைப் பார்க்கணும். கேள்வித்தாளை மட்டும் மனப்பாடம் செய்தவரிடம் இந்த வரிசை இருக்காது. நிறுவனம் சம்பளம் கொடுப்பது இந்த வரிசைக்குத்தான்.

இலவசமா படிக்க முடியுமா?

முடியும். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் அடிப்படைப் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. 'பேக்கெட் ட்ரேசர்' என்ற மென்பொருளும் அங்கே இலவசம். ரவுட்டர், ஸ்விட்ச் எதுவும் வாங்காமல், லேப்டாப்பிலேயே ஒரு முழு ஆபீஸ் நெட்வொர்க்கை வரைந்து, கமாண்ட் அடித்துப் பழகலாம். உங்க கல்லூரியே நெட்வொர்க்கிங் அகாடமியாகப் பதிவு செய்திருக்கிறதா என்று துறையில் முதலில் கேளுங்கள். அப்படி இருந்தால் தேர்வுக் கட்டணச் சலுகைக்கும் வாய்ப்பு உண்டு.

அப்போ பயிற்சி மையமே வேண்டாமா? அப்படி இல்லை. சந்தேகம் கேட்க ஒரு ஆசிரியர், நிஜக் கருவிகள், கூடப் படிக்கும் நண்பர்கள் இதெல்லாம் பலருக்குத் தேவைதான். அதற்குப் பணம் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கணும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. கோர்ஸ் கட்டணத்தில் 200-301 தேர்வுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா? ரசீதில் எழுதித் தருவீர்களா?

2. பாடம் 1.1 பாடத்திட்டப்படி நடக்கிறதா?

3. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப்? ஒரு கருவிக்கு எத்தனை பேர்?

4. '100% வேலை' என்பது உத்தரவாதமா, இன்டர்வியூவுக்கு அனுப்பும் உதவி மட்டுமா? வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வேண்டும்.

5. தேர்வுக்கான கணக்கு என் பெயரில், என் இமெயிலில் தொடங்கப்படுமா? பாஸ்வேர்டு என்னிடமே இருக்குமா?

இதோடு இன்னொரு விஷயம். நம்ம ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடும் வழக்கம். பதிவு செய்யும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் பொருந்தாவிட்டால் தேர்வு மையத்தில் உள்ளே விடாமல் போகலாம். அட்டையில் இருப்பது போலவே பதிவு செய்யுங்கள்.

சரி, வேலை கிடைக்குமா?

சிசிஎன்ஏ கதவைத் திறக்கும் சாவிகளில் ஒன்று. பல நிறுவனங்கள் டிகிரியையும் கேட்கும், ஆங்கிலத்தில் பேசவும் எதிர்பார்க்கும். முதல் வேலை பெரும்பாலும் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையத்திலோ, டெக்னிக்கல் சப்போர்ட்டிலோ இருக்கும். நைட் ஷிஃப்ட் சகஜம். அங்கே ஓரிரு ஆண்டு பழகிய பிறகுதான் செக்யூரிட்டி, கிளவுட், ஆட்டோமேஷன் என அடுத்த படிகள் தெரியத் தொடங்கும்.

அதனால் அவசரம் வேண்டாம். முதலில் பேக்கெட் ட்ரேசரை டவுன்லோடு செய்து, ஒரு மாதம் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்க. இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா, வருமா என்பது ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் தெரிஞ்சிடும். அட்வான்ஸ் கட்டுறதை அதுக்கு அப்புறம் யோசிக்கலாம்.