அழுதால் மருந்து உள்ளே போகுமா?



மழைக்காலம் வந்துவிட்டால் குழந்தைகள் வார்டில், மருந்தைப் பனிப்புகையாக்கித் தரும் நெபுலைசரின் சத்தம் ஓயாது. மாஸ்க்கை முகத்தருகே கொண்டுபோனதுமே ஒன்றரை வயசுப் பிள்ளை வீறிடும். கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்துப் படுக்கைப் பாட்டி தைரியம் சொல்வார்: "அழட்டும்மா, அழுதாத்தான் மருந்து நல்லா உள்ளே இறங்கும்."

நம்மில் எத்தனை பேர் இதை நம்புகிறோம்! விஷயம் நேர்மாறு. அழும் குழந்தை மூச்சை நீளமாக வெளியே விட்டு, வெடுக்கென்று உள்ளே இழுக்கிறது. அப்போது மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும்; நுரையீரலுக்குப் போவது சொற்பம். பாவம் பார்த்து மாஸ்க்கைத் தள்ளிப் பிடித்தாலோ, மருந்து காற்றோடு போய்விடும்.

சரி, பேசத் தெரியாத பிள்ளை படும் பாட்டை எப்படி அளப்பது? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1997-ல் வெளியான 'ஃப்ளாக்' அளவுகோல். முகம், கால்கள், உடம்பின் அசைவு, அழுகை, சமாதானமாகிறதா என்பது... இந்த ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10 வந்தால் குழந்தை ரொம்பவே தவிக்கிறது என்று அர்த்தம்.

ஐந்தாவதைக் கவனியுங்கள். தூக்கினால், தட்டிக்கொடுத்தால் அடங்குகிறதா? பெற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு இதற்கு எப்படி மார்க் போடுவது?

இன்னொன்று. இந்த அளவுகோல் ஆபரேஷன் முடிந்த குழந்தைகளின் வலியை அளக்க வந்தது. மூச்சுக்குத் திணறும் பிள்ளை வலியில்தான் அழும் என்பதில்லை. மாஸ்க் பயத்திலும் பசியிலும் அழும். ரொம்பச் சோர்ந்துவிட்டால் அழவே அழாது. மதிப்பெண் குறையும், ஆனால் நிம்மதிப்படுகிற நேரம் அல்ல அது. விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கி, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

எது பசி அழுகை, எது பய அழுகை என்று உங்களுக்குத் தெரியும்தானே? தயங்காமல் சொல்லுங்கள். "மடியில வச்சுக்கிட்டே கொடுக்கலாமா சிஸ்டர்?" என்று கேளுங்கள். பொம்மைக்கு முதலில் மாஸ்க் போட்டுக் காட்டுங்கள். மொபைலில் பாட்டு வைத்தாலும் சரி. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஸ்கிரீன் டைம் பற்றி நான் வாயே திறக்கமாட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்