மாத்திரைப் பையில் இருக்கும் மௌனம்

பிரஷர் மாத்திரையைப் பாதியில் விட்ட ஆண்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். மறந்துபோச்சு என்பார்கள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மேலே போய்விட்டேன், வாங்க முடியவில்லை என்பார்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். அவர்களில் சிலருக்கு இதற்கெல்லாம் அடியில் வேறொரு காரணம் உண்டு. மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து தாம்பத்தியம் சரியில்லை. அதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவந்த பெண் அதே தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர். திண்ணையில் உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினார். நூற்று அறுபதுக்கு நூறு. "சித்தப்பா, மாத்திரையை விடாமப் போடுறீங்களா?" "போடுறேன்த்தா." உள்ளேயிருந்து அவர் மனைவி பழைய மாத்திரைப் பையைக் கொண்டுவந்து திண்ணையில் கவிழ்த்தார். அட்டைகள் அப்படியே இருந்தன. ஒன்றில் மட்டும் நாலைந்து குழி காலி. அந்தப் பெண் உரிமையோடு சத்தம் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். தோட்டத்துப் பக்கம் என்னோடு நடக்கும்போதுதான் அந்த மனிதர் வாயைத் திறந்தார்: "மக முறையாகுற புள்ளைகிட்ட இதை எப்படிண்ணே சொல்றது?"

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போக முடியாத எத்தனையோ பேருக்கு வாசலிலேயே மருந்து கிடைக்கிறது. அதன் தேவையும் பெரியது. 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரை வயிற்றுக்குள் போக வேண்டுமே. சொந்தக்காரப் பெண் கொண்டுவருவதால்தான் திட்டம் வீட்டுக்குள் நுழைகிறது; அதே காரணத்தால் இந்த ஒரு பேச்சு மட்டும் நுழைய முடியவில்லை.

அந்தக் கம்பத்துக்காரரின் பையில் இருந்தது அட்டெனலால். பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தது. அதிலும், 'நீர் மாத்திரை' என்று சொல்கிற ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் வகைகளிலும் சிலருக்கு விறைப்பு குறையலாம், ஆசையும் குறையலாம். ஸ்பைரோனோலாக்டோன் சில ஆண்களுக்கு மார்பு வீங்கச் செய்யும். ஆனால் எல்லாப் பிரஷர் மாத்திரையும் இப்படி இல்லை. அம்லோடிபின், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவற்றில் இந்தத் தொல்லை குறைவு. பீட்டா பிளாக்கரே வேண்டும் என்ற நிலையில்கூட நெபிவோலால் இருக்கிறது. மாற்ற வழி உண்டு என்பதுதான் இதில் முக்கியமான செய்தி.

பழி முழுவதையும் மாத்திரை மேல் போடவும் முடியாது. விறைப்பு என்பது ரத்தக்குழாய் தளர்ந்து ரத்தம் நிரம்பும் வேலை. வருஷக்கணக்கில் அழுத்தம் ஏறிக்கிடந்தால் குழாயின் உள்சுவர் கெட்டுப்போகிறது. சர்க்கரையும் பீடியும் குடியும் சேர்ந்தால் இன்னும் மோசம். இதயத்துக்குப் போகும் குழாயைவிட ஆணுறுப்புக்குப் போகும் குழாய் சிறியது. அதனால் நெஞ்சுவலி வருவதற்குச் சில வருஷம் முன்பே அங்கே கோளாறு தெரிய வாய்ப்புண்டு. இதை வெட்கத்தில் மறைப்பவர் தன் இதயம் கொடுத்த எச்சரிக்கையையும் சேர்த்து மறைக்கிறார்.

பயத்துக்கும் பங்குண்டு. 2003-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் 96 ஆண்களுக்கு அட்டெனலால் கொடுத்தார்கள். என்ன மருந்து என்றே தெரியாதவர்களில் 3.1 சதவீதம் பேர்தான் விறைப்புக் குறைவு என்றார்கள். மருந்தின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 15.6 சதவீதம். பக்கவிளைவும் சொல்லப்பட்டவர்களில் 31.2 சதவீதம். அப்படியானால் இதை எழுதுவதே தப்பு இல்லையா என்று நானும் யோசித்தேன். மறைத்தால் என்ன ஆகிறது என்பதற்கு அந்தப் பிரிக்காத அட்டைகளே சாட்சி. சிலருக்கு வரலாம், வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று சேர்த்துச் சொல்வதே சரி.

அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டரின் மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் சீட்டோடு நின்றார்கள். "என்ன பண்ணுது?" என்று கேட்டதும் "தலைவலி" என்றார் மனிதர். நான் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லி, கூட்டத்தை வெளியே நிற்கவைத்த பிறகுதான் விஷயம் வந்தது. இரண்டு நிமிஷப் பேச்சு. டாக்டர் சர்க்கரைக்கும் பரிசோதனை எழுதி, அம்லோடிபினுக்கு மாற்றிக் கொடுத்தார். இப்போது பிரஷர் இறங்கியிருக்கிறது. மற்றதும் பரவாயில்லை என்கிறார்.

இந்த இரண்டு நிமிஷம் கிடைக்காதவர்களைத்தான் பஸ் ஸ்டாண்டுச் சுவரொட்டிகள் ஆண்மைக்குறைவுக்கு வைத்தியம் என்று லாட்ஜ் அறைக்குக் கூப்பிடுகின்றன. இப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆனாலும் சுவர்களில் பசை காய்வதில்லை. லேகியம் என்று விற்பதில் சில்டெனாபில் கலந்திருப்பது இந்தியாவிலும் வெளியிலும் பலமுறை பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை போடுபவர் அதைத் தெரியாமல் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் அடியோடு விழுந்து உயிரே போகலாம்.

பெண்கள் நிலைமை இதைவிட மோசம். பிரஷர் உள்ள பெண்கள் சிலருக்கும் ஆசை குறைகிறது, வறட்சி வருகிறது, வலிக்கிறது. ஆண்களைப் பற்றி நடந்த அளவுக்கு ஆராய்ச்சிகூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை. 'பேரன் பேத்தி எடுத்தவளுக்கு இது என்ன கேள்வி' என்று வீடு வாயை அடைத்துவிடுகிறது. ஐம்பது வயதுப் பெண்ணுக்கும் கேட்க உரிமை உண்டு.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே கேளுங்கள். கேட்கும்போது கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். மாத்திரை போடும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டெனலால் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். "மாத்திரை ஆரம்பித்த பிறகு தாம்பத்தியம் சரியில்லை, வேறு மாத்திரை தர முடியுமா?" என்று கேளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மருந்துச் சீட்டோடு சேர்த்து நீட்டுங்கள்.